காத்திருக்கும் போர்வைகள்

அன்புள்ள அக்கா,

நான் உவர்மலையில் வசிக்கிறேன். இரண்டு வருடங்களாகத் துண்டுத்துணிப் போர்வை தைத்து வருகிறேன். இப்போது வீட்டில் ஐந்து போர்வைகள் அரைகுறையாகக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் மேற்பகுதியைத் தைத்தாயிற்று. பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைப்பதற்குள் புதிய துணி வாங்கி அடுத்ததைத் தொடங்கிவிடுகிறேன். சாப்பாட்டு மேசை முழுவதும் துணி என்று கணவர் கோபிக்கிறார். ஒன்றை முடித்த பின்புதான் மற்றதைத் தொட வேண்டுமா, ஐந்தையும் மாறிமாறிச் செய்யலாமா? கையால் தைப்பது நல்லதா, மெசினிலா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மா தைத்த போர்வையை வெயிலில் காயப்போட்டிருந்தேன். பதில் எழுத அதுவே காரணம். கணவரின் கோபத்துக்கு என்னிடம் மருந்தில்லை, மேசையைச் சாப்பாட்டுக்கு விட்டுக்கொடுங்கள். கையா மெசினா என்பது உங்கள் கண்ணும் முதுகும் தீர்மானிக்க வேண்டியது. 'புதிய துணி வாங்கி' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் நான் நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டிலும் ஒரே நேரத்தில் மூன்று நான்கு போர்வைகள் முடியாமல் கிடக்கும். அம்மா நூல்சேலைகளை மட்டுமே எடுப்பார். ஆறு யார்ச் சேலையை நடுவே மடித்தால் ஒன்பது அடியில் இரண்டு மடிப்புக் கிடைக்கும். அப்படி இரண்டு சேலைகளை அடுக்கி நூலோடினால் மார்கழி மழைக்கு நாங்கள் இழுத்துப் போர்த்திக்கொள்ளப் போதும். முதற்சேலை நைந்து தயாராக இருக்கும், அதன் மேல் விழவேண்டிய இரண்டாவதோ இன்னும் அம்மாவின் இடுப்பில் இருக்கும். அது முந்தானையில் கிழியும் வரை அந்தப் போர்வை ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். இடையில் பெரியம்மா வீட்டிலிருந்து வேறொரு பழஞ்சேலை வந்தால் இன்னொன்று தொடங்கப்படும். அவருடைய போர்வைகள் துணிக்காகக் காத்திருந்தன. உங்களுடையவை உங்களுக்காகக் காத்திருக்கின்றன, தங்கச்சி.

முழுத்துணியைக் காசு கொடுத்து வாங்கி, துண்டாக்கி, பிறகு அந்தத் துண்டுகளை ஒட்டி மறுபடியும் முழுத்துணியாக்குவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பழந்துணியைச் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நூறு தடவை தோய்த்த பருத்தி சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, கஞ்சியும் மிஞ்சிய சாயமும் போய், ஊசிக்கு இளகிக் கொடுக்கும். புதுத்துணி முதல் தோய்ப்பிலேயே ஒன்று கூடவும் ஒன்று குறையவும் சுருங்கி, தைத்த இடமெல்லாம் கோணிக்கொள்ளும். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்னும் போர்வையைத் தைத்ததும் பழஞ்சேலைகளை அடுக்கித்தான். தைக்கும் நூலைக்கூட அச்சேலைகளின் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். கர்நாடகத்தில், ஆபிரிக்க வழிவந்த சித்தி இனத்துப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையை விளிம்பில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வருமாறு தைக்கிறார்கள். துண்டை ஒட்டுவதும் அடித்துணியோடு சேர்ப்பதும் அங்கே ஒரே ஊசியோட்டத்தில் நடப்பதால், உங்களிடம் இருப்பதைப் போல மேற்பகுதி மட்டும் முடிந்த ஐந்து அவர்களிடம் சேர வழியே இல்லை. உங்களுக்குப் பிடித்திருப்பது நிறம் பொருத்துகிற வேலை. அலுப்பான அடுக்குத் தையல் வந்ததும் கடைக்கு ஓடிவிடுகிறீர்கள்.

கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் ஊரில் மடித்து வைத்த பருத்தியில் கரும்புள்ளி விழும். அதற்கு முன் ஒன்றையாவது, பஞ்சுக்குப் பதிலாக உங்களுடைய பழஞ்சேலை ஒன்றை உள்ளே வைத்து, தைத்து மூடுங்கள். மற்ற நான்கையும் மாறிமாறித் தொடுங்கள், கடைப்பக்கம் மட்டும் போகாதீர்கள். சிவப்பை வெள்ளைக்குப் பக்கத்தில் தைத்திருந்தால், மூடுவதற்கு முன் சிவப்பின் ஓரத்தை நனைத்து ஒரு வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஏறினால் எனக்கு எழுத வேண்டாம், விற்ற கடைக்காரரிடமே கேளுங்கள்.