கடைசிச் சொல் வரை காத்திருங்கள்

கேள்வி: என் மனைவி பள்ளி ஆசிரியை. போன வாரம் வீட்டுக்கு வந்ததும், “ஹெச்.எம். பிள்ளைங்க முன்னாடியே என்னைத் திட்டிட்டாங்க” என்றார். “பேசாம வேற ஸ்கூல் பாரேன்” என்றேன். “நான் சொல்றதை என்னிக்குத்தான் கேட்டிருக்கீங்க?” என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அதற்கும் கோபம்தான். இதற்கு மேல் எப்படிக் கேட்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வில்லிவாக்கம்)

பதில்: உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. நீங்கள் கேட்கவில்லை. காதில் விழுந்ததை அப்படியே ஒப்பிக்க செல்போனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். அவர் வேறு வேலைக்கு வழி கேட்டு வரவில்லை. மனசில் இருந்ததைக் கொட்ட வந்தார். ஒரு வாக்கியம் முடிந்தது. அதற்குள் தீர்வைச் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டீர்கள். அது நல்ல யோசனையாகவே இருக்கலாம். கால் மணி நேரம் கழித்து, அவர் கேட்டபின் வந்திருந்தால்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. பத்து மொழிகளின் அன்றாடப் பேச்சை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அது காட்டியது. ஆனால் ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் பிடிக்கும். ஆக, எதிரில் இருப்பவர் முடிப்பதற்கு முன்பே நம் பதில் உள்ளே தயாராகத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் காது பாதி அடைத்துக்கொள்கிறது.

தமிழில் இதனால் வரும் நஷ்டம் பெரிது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். உண்டா இல்லையா என்பதும் அங்கேதான் தெரியும். “வேலையை விட்டுடலாம்னு…” என்று அவர் தொடங்கியதுமே, “விட்டுட்டா ஈ.எம்.ஐ. யார் கட்டறது?” என்று பாய்ந்தால், “…ஒரு நிமிஷம் தோணிச்சு, அப்புறம் பசங்க முகத்தைப் பார்த்ததும் மனசு வரலை” என்பது வெளியே வராமலே போகும். நீங்கள் பதில் சொன்னது அவர் சொல்லாத ஒன்றுக்கு. எனவே கடைசிச் சொல் வரை காத்திருங்கள். அது வந்த பிறகும் மனசுக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுங்கள். பல நேரம் அந்த இரண்டு நொடியில் அவரே தொடர்வார். சொல்லத் தயங்கிய விஷயம் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

‘ம்’ கொட்டுவதிலும் கவனம் வேண்டும். கதை கேட்கிற குழந்தை ‘ம்’ கொட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். ராஜா காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ‘ம்’, புலி வரும் இடத்தில் வேறு ஒரு ‘ம்’. ஒரே தாளத்தில், ஒரே சுரத்தில் விழுகிற ‘ம்… ம்… ம்…’ என்றால் கவனம் வேறு எங்கோ இருக்கிறது. உங்கள் மனைவிக்கு இது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இனி, திருப்பிச் சொன்னீர்களே, அதில் எங்கே தவறினீர்கள்? அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் ஒரு பயிற்சி சொன்னார். வாக்குவாதம் வந்தால், எதிராளி சொன்னதையும் அதில் இருந்த உணர்வையும் உங்கள் வார்த்தையில் சொல்லி, ‘ஆமாம், அதுதான்’ என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் வார்த்தையில் என்பது முக்கியம். “திட்டினதைவிட, பசங்க முன்னாடி திட்டினதுதான் வலிக்குதா?” என்று கேட்டுப் பாருங்கள். “இல்ல, அதுகூடப் பரவாயில்ல, கூட இருந்த டீச்சருங்க யாரும் வாயே திறக்கல” என்று அவர் திருத்தலாம். அந்த ‘இல்ல’வைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். உண்மையான விஷயம் அதற்குப் பின்னால்தான் இருந்தது.

கேள்விகளில் ‘ஏன்’ வேண்டாம். “நீ ஏன் அப்பவே பதில் சொல்லல?” என்பது விசாரணை. “எந்த டீச்சர், போன வருஷம் சேர்ந்தாங்களே, அவங்களா?” என்பது வண்டியைச் சந்துக்குள் திருப்புவது. “எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான்” என்பது அவர் பேச்சைப் பிடுங்கிக்கொள்வது. “அப்புறம்?” போதும்.

‘சும்மா கேட்டால் என்ன ஆகிவிடும்?’ என்று நீங்கள் நினைக்கக்கூடும். 1953-இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்குத் தன் தேவாலயத்தில் ஆலோசனை சொல்லத் தொடங்கினார். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அவர்கள் பேச்சைக் கேட்ட தன்னார்வலர்களிடமே பலர் மனம்விட்டுப் பேசிவிட்டு, அவரைப் பார்க்காமலே திரும்பினார்கள். அவர் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்தது அப்படித்தான். நம் சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவிலும் தொலைபேசியை எடுக்கும் தன்னார்வலர்களின் வேலை, குறை காணாமல் கேட்பதுதான். உயிர் ஊசலாடும்போது கைகொடுக்கிற ஒன்று, ஒரு மாலை நேர மனக்கசப்புக்கு உதவாதா?

மற்றவை சின்ன விஷயங்கள். செல்போனை அடுத்த அறையில் வையுங்கள். டி.வி.யை அணையுங்கள்; மியூட் செய்தாலும் கண் அங்கேதான் போகும். மிக்ஸி ஓடும்போது முக்கியமான பேச்சு வேண்டாம். களைப்பாக இருந்தால், “பத்து நிமிஷம் கழிச்சு வரேன்” என்று சொல்லிவிட்டு, அவர் நினைவூட்டாமல் நீங்களே போக வேண்டும். யோசனை சொல்லத் துடித்தால் முதலில் அனுமதி கேளுங்கள்: “நான் ஏதாவது சொல்லட்டுமா, இல்ல கேட்டா போதுமா?”

இன்று இரவே, “அன்னிக்குப் பாதியில நிறுத்திட்டேன், என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேளுங்கள். முதலில் “ஒண்ணுமில்ல, விடுங்க” என்பார். துருவாதீர்கள், எழுந்தும் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாளைக்கு வேண்டிய பீன்ஸை நறுக்கிக்கொண்டிருங்கள்.