லேப்ராஸ்கோபி மூலம் மலக்குடல் புற்றுநோய் அறுவை: சிக்கல் யாருக்கு அதிகம்?

அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு, பீடி பிடிப்பார், சிறு துளை வழியாகத்தானே அறுவை, ஆபத்து குறைவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியே தழும்பு சிறியதுதான். ஆனால் உள்ளே நடப்பது அதே பெரிய வேலை: கட்டியோடு குடலை வெட்டி எடுத்து, மீதி முனைகளை இணைக்கிறார்கள். அந்த இணைப்பு விட்டுக் கசிவதுதான் எல்லோரும் அஞ்சும் சிக்கல். சுமார் பத்தில் ஒருவருக்கு வரலாம்.

கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருந்தால் இந்த ஆபத்து கூடும். ஆண்களின் இடுப்புக்கூடு குறுகலானது. தொப்பையும் சேர்ந்தால் கருவியைத் திருப்பவே இடம் போதாது. முன்பே கதிர்வீச்சு கொடுத்திருந்தால் திசு ஆறுவது தாமதமாகும். ரோபோ வைத்துச் செய்தால் சரியாகிவிடுமா? 2017-இல் வெளியான ரோலார் ஆய்வில், 471 நோயாளிகளிடம், லேப்ராஸ்கோபியைவிடச் சிக்கல்கள் குறிப்பிடும்படி குறையவில்லை.

உங்கள் கையில் இருப்பது வேறு. பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு வாரம் கிடைத்தாலே பலன் உண்டு. சர்க்கரை, ரத்தசோகை, எடை இழப்பு, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு எல்லாவற்றையும் அறுவைக்கு முன்பே கவனிக்கச் சொல்லிக் கேளுங்கள். மலம் இணைப்பு வழியாகப் போகாமல் வெளியே வர, தற்காலிகமாக வயிற்றில் பை வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் தயவுசெய்து மறுக்காதீர்கள். கசிவு வந்தாலும் அது உயிருக்கு ஆபத்தாகாமல் காப்பது பெரும்பாலும் அந்தப் பைதான்.

அப்புறம், வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்பல், கூடிக்கொண்டே போகும் வலி என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.