‘பனிச்சிறுத்தை உறுதி’ என்கிற லடாக் பேக்கேஜ்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, மனைவிக்கு 54. ஜூலையில் லடாக் போய் விலங்குகள், பறவைகள் பார்க்க 7 நாள் பேக்கேஜ் ஒன்று பேசியிருக்கிறோம். ஆளுக்கு 72,000 ரூபாய். முதல் நாள் லே, இரண்டாம் நாளே ஹான்லே, அப்புறம் சோ மோரிரி, சோ கார் ஏரிகள். ‘பனிச்சிறுத்தை உறுதி’ என்று போட்டிருக்கிறார்கள். பாதிப் பணத்தை இந்த வாரமே கட்ட வேண்டுமாம், எந்தக் காரணத்துக்கும் திரும்பக் கிடைக்காதாம். கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். விலையைவிட அந்த இரண்டாம் நாள்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போய் இறங்கினால் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக இரண்டு நாளாவது சும்மா இருக்க வேண்டும், உங்கள் வயதில் மூன்று நாள் இருந்தால் இன்னும் நல்லது. ஹான்லே சுமார் 4,300 மீட்டர், சோ கார், சோ மோரிரி இரண்டும் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் கிட்டத்தட்ட 60 சதவீத ஆக்ஸிஜன்தான். வந்து இறங்கிய மறுநாளே 250 கிலோமீட்டர் வண்டியில் போய் அந்த உயரத்தில் படுத்தால் தலைவலி, வாந்தியோடு முடிந்தாலே அதிர்ஷ்டம், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் உடனே கீழே இறங்குவதுதான் முக்கியமான வழி, பெரிய மருத்துவமனையோ லேயில்தான் இருக்கிறது. இப்படித் திட்டம் போடுகிறவர் உங்கள் உடம்பை நினைக்கவில்லை, ஹோட்டல் செலவில் இரண்டு இரவைக் குறைக்கப் பார்க்கிறார். கிளம்பும் முன் உங்கள் டாக்டரையும் பாருங்கள்.

அடுத்து, பனிச்சிறுத்தை. 2024-ல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருப்பவை 718, அவற்றில் 477 லடாக்கில். எண்ணிக்கை நிறையத்தான், ஆனால் ஜூலையில் அவை தங்கள் இரையான நீலஆடுகளுக்குப் பின்னால் மலைமுகட்டுக்கு ஏறிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை பனி அவற்றைக் கீழே தள்ளும்போதுதான் ஹெமிஸ் தேசியப் பூங்காப் பக்கம் ஆட்கள் நாள்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்கள், அப்போதும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. காட்டு விலங்கை யாரும் உறுதி தர முடியாது. உறுதி தந்தவரின் டிரைவர் என்ன செய்வார்? ஏதாவது காட்டியே ஆக வேண்டும் என்று சாலையை விட்டு இறங்கி, கியாங் என்கிற காட்டுக்கழுதைக் கூட்டத்தைத் துரத்துவார். ஈரப்புல்வெளியில் அந்தச் சக்கரத் தடம் லேசில் மறையாது. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

ஆனால் ஜூலை மோசமான மாதம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஏரிகளும் ஹான்லேயும் இருக்கும் சாங்தாங் என்கிற உயர் சமவெளி உயிரோடு இருக்கும் காலமே அதுதான்! கருங்கழுத்துக் கொக்குகள் சதுப்பு நிலத்தில் ஒன்றோ இரண்டோ குஞ்சுகளோடு மேயும், பட்டைத்தலை வாத்துகள் ஏரியில் கிடக்கும், மர்மோட் என்கிற பெரிய மலை அணில்கள் வளை வாசலில் எழுந்து நிற்கும். ஹான்லே பக்கம் பொறுமையாகப் பாறை பாறையாகத் துழாவினால் பல்லாஸ் பூனை என்கிற அடர்ரோமக் காட்டுப்பூனைகூடக் கண்ணில் படலாம். சோ மோரிரி 2002-லும், சோ கார் 2020-லும் ராம்சர் என்கிற உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் பட்டியலில் இடம்பிடித்தவை. இதைச் சொல்லி விற்காமல் சிறுத்தையைச் சொல்லி விற்கிறார் என்றால், அவருக்கு இடம் தெரியாது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதனால் இப்படிக் கேளுங்கள்: கூட வருவது இயற்கை வழிகாட்டியா, டிரைவர் மட்டுமா? அவர் அந்த ஊர்க்காரரா? ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி, இருக்கிறதா? ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டியிலேயே இருக்குமா? அனுமதிச் சீட்டு, சுற்றுச்சூழல் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் 72,000-க்குள் அடக்கமா? லேயில் மூன்று இரவு வைத்து 9 நாளாக மாற்றினால் என்ன விலை? எல்லாப் பதிலும் மின்னஞ்சலில் வரட்டும், போனில் சொன்னது பிறகு நிற்காது. பயணக் காப்பீடு எடுத்தால் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று பாலிசியில் படித்துவிடுங்கள், பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முன்பணம் கேட்பதில் தவறில்லை, ரத்து செய்தால் நியாயமான ஒரு தொகையைப் பிடிப்பதிலும் தவறில்லை. பயணத்துக்கு எத்தனை நாள் முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், சாலை அடைபட்டாலோ அவர்களே ரத்து செய்தாலோ என்ன ஆகும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘எதற்கும் திரும்பாது’ என்று எழுதிவிட்டாலே அது சட்டம் ஆகிவிடாது. தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், லேவுக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

கேள்வி: இதே பயணத்துக்கு எந்த பைனாகுலர் வாங்கலாம்? 20 மடங்கு பெரிதாகக் காட்டுவது மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: வேண்டாம். 20 மடங்கில் கை நடுக்கமும் 20 மடங்கு தெரியும், அங்கே மூச்சு வாங்கும்போது சொல்லவே வேண்டாம். 8×42 வாங்குங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். மிச்சத் தூரத்துக்கு வழிகாட்டியின் ஸ்கோப் இருக்கட்டும். ஜூலையில் பகல் ஏறினால் தரைச் சூட்டில் காட்சி அலையடிக்கும், எந்தக் கண்ணாடியும் உதவாது, அதனால் காலை 9 மணிக்குள் பார்த்துவிடுங்கள்.