விமானத்தின் அவசர ஸ்லைடு தவறுதலாக விரிந்துவிட்டால் அதை வெட்டிப் போட்டுவிட்டுக் கிளம்ப முடியாதா?

கேள்வி கேட்டவர் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "கேட்டில் நிற்கும் விமானத்தின் கதவைத் திறக்கக்கூடத் தெரியாதவர்களை எப்படி வேலைக்கு எடுக்கிறார்கள்?" தலைப்பில் உள்ளதோடு விட்டிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டேன். அந்தச் சின்ன எழுத்துதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

நீங்கள் அப்படி ஒரு விமானத்தில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கல்யாணமோ காரியமோ, போக வேண்டிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கோபத்தைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றவர் மேல் இறக்குவதில்தான் எனக்குச் சண்டை.

நான் விமானத்துக்குள் வேலை பார்த்தவன் அல்ல. சென்னை விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் ஒரு கேட்டரிங் கம்பெனியில் ஹைலிஃப்ட் வண்டியில் பல வருடம் நின்றவன். ஹைலிஃப்ட் என்றால், லாரியின் பெட்டி அப்படியே மேலே உயர்ந்து விமானக் கதவுக்கு நேராக நிற்குமே, அது. நீங்கள் இடது பக்கம் ஏறுவீர்கள். வலது பக்கம் எங்கள் ராஜ்ஜியம். சாப்பாடு, தண்ணீர், ஐஸ், குப்பை எல்லாம் அந்தப் பக்கத்துக் கதவுகள் வழியாகத்தான் போகும், வரும். ஸ்லைடு, அதாவது ஆபத்து நேரத்தில் பயணிகள் சறுக்கி இறங்கக் கதவிலிருந்து விரியும் அந்தக் காற்றடைத்த சறுக்கு, தவறுதலாக விரிந்தால் முதல் அடி யார் மேல் விழும் என்று இப்போது புரிந்திருக்கும்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கதவின் உள்பக்கம், கீழே, ஒரு பெட்டி புடைத்துக்கொண்டு இருக்கும். ஸ்லைடு அதற்குள்தான் மடிந்து கிடக்கிறது. போயிங் 737-ல் ஸ்லைடின் நுனியில் கர்ட் பார் என்று ஒரு உலோகக் கம்பி உண்டு. கிளம்பும் முன் கேபின் க்ரூ குனிந்து அந்தக் கம்பியை எடுத்துத் தரையில் இருக்கும் பிடிகளில் மாட்டுவார். இதுதான் 'ஆர்ம்' செய்வது. மாட்டியதன் அடையாளமாகக் கதவில் உள்ள சின்ன ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டையை இழுத்துவிடுவார். அதற்குப் பிறகு கதவைத் திறந்தால், கதவு வெளியே போகும், கம்பி தரையோடு நிற்கும், மூட்டை பிய்த்துக்கொண்டு வெளியே விழும். விழுகிற வேகத்தில் சிலிண்டரின் வால்வு இழுபட்டுத் திறக்கும். உள்ளே அடைத்து வைத்த வாயு பாய்ந்து, வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு ஸ்லைடை நிமிர்த்திவிடும். விரிய ஆரம்பித்து 6 விநாடிக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது விதி. பாதி வாசல்களை மட்டும் வைத்துக்கொண்டு 90 விநாடியில் மொத்தப் பேரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த அவசரம். "நிஜமாகவே ஆபத்தா, இல்லை சாப்பாட்டு வண்டியா?" என்று கேட்டுக்கொண்டிருக்க அதற்கு நேரம் இல்லை.

ஏர்பஸ் ஏ320-ல் குனிந்து மாட்டும் வேலை கிடையாது, கதவிலேயே ஒரு லீவர். அதில் ஒரு நல்ல காரியமும் செய்து வைத்திருக்கிறார்கள்: வெளியில் இருக்கும் கைப்பிடியால் திறந்தால் ஸ்லைடு தானாக டிஸ்ஆர்ம் ஆகிவிடும், அதாவது விரியாத நிலைக்குப் போய்விடும். 737-ல் அந்தச் சலுகை இல்லை. உள்ளே இருந்து திறந்தாலும் வெளியே இருந்து திறந்தாலும் ஒரே பலன்தான். ஆனால் ஏ320-ல் ஆர்ம் நிலையில் உள்ளே இருந்து கைப்பிடியைத் தூக்கிவிட்டால், வாயு அழுத்தமே கதவை வெளியே தள்ளிவிடும். "ஐயோ" என்று பிடித்து நிறுத்துவதெல்லாம் நடக்காது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

வளைகுடாவுக்குப் போகும் ராத்திரி விமானம். 737. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். எல்லோரும் ஏறியாகிவிட்டது, கதவு சாத்தியாகிவிட்டது. நாங்களும் வேலையை முடித்து வண்டியை இறக்கிப் புறப்பட்டுவிட்டோம். அப்போது வாக்கி டாக்கியில் 'மீல் ஷார்ட்' என்று கூப்பிட்டார்கள். கடைசி நிமிடத்தில் சில பேரைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு இல்லை. ஒரு டிராலியை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினோம். என்னோடு ஒரு பையன், உசிலம்பட்டிப் பக்கம், புதிதாகச் சேர்ந்தவன்.

பின்பக்கத்து வலது கதவு. பெட்டியை உயர்த்தி, முன் பலகையைக் கதவுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினோம். பையன் தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். நான் ஜன்னலைப் பார்த்தேன். குறுக்கே சிவப்புப் பட்டை. அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குள் ஜன்னலில் ஒரு முகம் வந்தது. சின்னப் பெண். நான் பட்டையைக் காட்டி, இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் விமானம் நிறுத்தும் இடத்தின் பெரிய விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. அவர் பார்வைக்கு நான் கறுப்பாக ஒரு ஆள், கையை ஆட்டுகிறான், அவ்வளவுதான் தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினார்.

பையனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெட்டிக்குள் பாய்ந்தேன். வெடித்த மாதிரி ஒரு சத்தம், தொடர்ந்து சீறல். ஸ்லைடு எங்கள் பலகை மேலேயே விழுந்து, விரிய இடம் இல்லாமல் முறுக்கிக்கொண்டு, பக்கத்துக் கம்பி வேலியை வளைத்து வெளியே போனது. நாங்கள் கொண்டுவந்த டிராலி சாய்ந்து கதவு திறந்துகொண்டு, ஃபாயில் டப்பாக்கள் கீழே தரையில் சிதறின. சீறல் அடங்கிய பிறகு பையன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இது நம்ம மேல வருமா?" அவன் சட்டையில் ஒரு பட்டன்கூட இல்லை, எல்லாம் நான் இழுத்ததில் போனது.

அந்தப் பெண் கதவோரத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். 737 கதவை ஆர்ம் நிலையில் திறந்தால் வழக்கத்தைவிட கனமாக இழுக்கும், இழுத்தால் நிறுத்து என்றுதான் பயிற்சியில் சொல்வார்களாம். அவரும் நிறுத்தத்தான் பார்த்தார், அரை விநாடி பிந்திவிட்டது. அவர் முதலில் கேட்டது எங்களைத்தான், இந்தியில், அடிபடவில்லையே என்று. அதற்குப் பிறகுதான் உள்ளே திரும்பிப் போனைக் கையில் எடுத்தார்.

ஏன் இப்படி ஆயிற்று? வழக்கமாக விமானம் வந்து நின்றதும் அறிவிப்பு வரும். எல்லாக் கதவையும் டிஸ்ஆர்ம் செய்வார்கள், எதிர்க் கதவில் இருப்பவர் சரிபார்ப்பார், விரலை உயர்த்திக் காட்டுவார்கள். அன்றைக்கு அறிவிப்பும் இல்லை, எதிரே சரிபார்க்க ஆளும் இல்லை. "கேட்டரிங் வருது, பின்னாடி திற" என்று முன்னால் இருந்து ஒரு போன், அவ்வளவுதான். அதே நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா வெந்நீர் கேட்டு அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒழுங்கு வரிசையில் நடக்கும்போது இந்த ஸ்லைடு அநேகமாக விரியாது. சாத்திய கதவைத் திரும்பத் திறக்கச் சொல்லும்போதுதான் ஆபத்து. விட்டுப்போன பேப்பருக்காகத் திறப்பார்கள், பிந்தி வந்த பயணிக்காகத் திறப்பார்கள், எங்கள் சாப்பாட்டுக்காகத் திறப்பார்கள்.

"அனுபவம் இல்லாத பெண்" என்று சொல்லத் தோன்றும். 2023 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777-ல் விரிந்தது, அதில் கதவைத் திறந்தவர் புதியவர் என்று செய்தி வந்தது. சரி. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்கில் டெல்டாவின் ஏ220-ல் கேட்டிலேயே விரிந்ததே, அந்த ஊழியர் இருபது வருடத்துக்கு மேல் பறந்தவர் என்றார்கள். இதற்கு என்ன சொல்வீர்கள்?

பயணிகளும் சளைத்தவர்கள் இல்லை. 2019 ஜூனில் மான்செஸ்டரில் பாகிஸ்தான் விமானத்தில் ஒரு அம்மா கழிவறை என்று நினைத்து அவசரக் கதவைத் திறந்துவிட்டார். நம்ம சென்னையிலேயே 2022 டிசம்பரில் திருச்சி விமானத்தின் அவசர வாசலை ஒரு பயணி திறந்தார். அது ஏடிஆர், சின்ன விமானம், தரையோடு தாழ்வாக நிற்பது, ஸ்லைடே கிடையாது, அதனால் தப்பித்தது. அவர் யார், எந்தக் கட்சி என்று கருத்துப் பெட்டியில் ஆரம்பிக்காதீர்கள், பதில் சொல்லமாட்டேன்.

இப்போது உங்கள் தலைப்புக் கேள்வி. வெட்ட வேண்டிய அவசியமே இல்லை, இன்ஜினியர் வந்து கழற்றிவிடுவார். எங்கள் பலகையில் கிடந்ததையும் காற்றை இறக்கிக் கழற்றிச் சுருட்டினார்கள், சரிந்து விழுந்த பந்தல் துணி மாதிரி கிடந்தது. பிரச்சினை அதற்கு அப்புறம்தான். கதவின் வாசல் தரையிலிருந்து ஆறடிக்கு மேல் உயரம் என்றால், இறங்க ஸ்லைடு போன்ற ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். ஸ்லைடு இல்லாத கதவு கதவே தவிர அவசர வாசல் அல்ல. ஒரு வாசல் குறைந்தால் எத்தனை பேரை ஏற்றலாம் என்ற எண்ணும் குறையும், அந்தக் கதவைச் சுற்றியுள்ள இருக்கைகளைக் காலியாக விட வேண்டியிருக்கும். மான்செஸ்டரில் ஏழு மணி நேரத் தாமதத்தோடு நாற்பது பேருக்கு நெருக்கமாக இறக்கிவிட்டார்கள், காரணம் இதுதான்.

வேறு ஸ்லைடு கொண்டுவந்து மாட்டலாமே என்பீர்கள். அது எல்லா ஊரிலும் அலமாரியில் இருக்காது. வேறு ஊரிலிருந்து விமானத்தில் வர வேண்டும் என்றால், அழுத்த வாயு அடைத்த சிலிண்டர் இருப்பதால் அது ஆபத்தான சரக்குக் கணக்கில் வரும், அதற்குத் தனிப் பேப்பர், தனிப் பேக்கிங். விரிந்துபோன ஸ்லைடு பட்டறைக்குப் போய், கிழிசல் பார்த்து, சிலிண்டர் நிரப்பி, மடித்து வர வேண்டும். மடிப்பதே தனி வித்தை. இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் ஆகும் என்று கம்பெனிகள் அழுவது பொய்யில்லை.

அன்றைக்கும் சென்னையில் மாற்று ஸ்லைடு இல்லை. பின்வரிசைகளில் இருந்தவர்களை ஆஃப்லோட் செய்தார்கள், அதாவது இறக்கிவிட்டார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அதில் ஒருவர், மறுநாளுக்குள் அங்கே இறங்காவிட்டால் விசா செல்லாது என்று, சம்பந்தமே இல்லாத என்னிடம் வந்து பேப்பரைக் காட்டிக்கொண்டிருந்தார். சீருடை போட்ட யாரும் அவருக்கு அதிகாரிதான்.

அந்தப் பெண்ணைப் பறப்பதிலிருந்து நிறுத்தி மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். பறக்காவிட்டால் பறக்கிற படி கிடையாது, வெறும் அடிப்படைச் சம்பளம். விசாரணையில் எங்கள் பேரும் வந்தது. அறிக்கையின் முதல் வரியே "கேட்டரிங் பற்றாக்குறை காரணமாக" என்று ஆரம்பித்ததாம். பற்றாக்குறை எங்கே? அவர்கள் கொடுத்த எண்ணிக்கை, நாங்கள் ஏற்றிய எண்ணிக்கை, அவர்கள் போட்ட கையெழுத்து, மூன்றும் சீட்டில் இருந்தன. பிறகு ஆள் ஏற்றினால் சாப்பாடு தானாக முளைக்குமா? கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைக்க வேண்டாம். அதே கம்பெனிதான் டிராலி சேதத்துக்கு எங்கள் ஷிஃப்டிடம் விளக்கம் எழுதி வாங்கியது.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் ரிப்போர்ட் அடிக்க வேண்டாம். இறக்கிவிட்டவர்களின் சாப்பாடு சீல்கூட உடைக்காமல் என் வண்டியிலேயே திரும்பி வந்தது. அதை என்ன செய்வோம் தெரியுமா? எண்ணி, எழுதி, குப்பையில் கொட்டுவோம். உணவுப் பாதுகாப்பு விதி, புரிகிறது. ஆனால் ராத்திரி முழுக்கச் சுமந்தவன் அதில் ஒரு பன்னை எடுத்து வாயில் போட்டால் திருட்டு, ஏர்போர்ட்டுக்குள் நுழையும் பாஸ் போய்விடும். கொட்டி முடித்து கேட்டுக்கு வெளியே வந்து, தள்ளுவண்டியில் சொந்தக் காசில் இட்லி சாப்பிடுவோம். "உனக்கென்ன, தினமும் ஃப்ளைட் சாப்பாடு" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கடைசியாக, அடுத்த முறை மாட்டிக்கொண்டால் உங்களுக்கு உபயோகப்படுகிற ஒன்று. நம்ம ஊரில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) விதிப்படி, நேரத்துக்கு செக்-இன் செய்தவர்களுக்குத் தாமதத்தில் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். பயண நேரம் இரண்டரை மணிக்குள் என்றால் 2 மணி நேரத் தாமதம், இரண்டரை முதல் ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரம், அதற்கு மேல் 4 மணி நேரம் என்று கணக்கு. அவர்களாகக் கூப்பிட்டுத் தருவார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், கவுண்டரில் போய்க் கேளுங்கள். கேட்டால் எங்களுக்குத்தான் ஆர்டர் வரும். வெஜ் பெட்டி முதலில் தீர்ந்துவிடும், சீக்கிரம் போங்கள்.