பூங்காவில் பொறுக்கிய செஸ்ட்நட்டைச் சாப்பிடலாமா?

கேள்வி: நாங்கள் லண்டனில் க்ராய்டன் பக்கம் இருக்கிறோம். திருச்சியிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 68. பல வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மினும், பிரஷருக்கு ராமிப்ரிலும் எடுத்துக்கொள்கிறார். போன வாரம் என் ஆறு வயதுப் பையனோடு நடக்கப் போனவர், மரத்தடியில் கிடந்த பளபளப்பான பழுப்புக் கொட்டைகளைப் பை நிறையப் பொறுக்கி வந்தார். குளிர்காலத்தில் தெருவில் வறுத்து விற்கிற செஸ்ட்நட்தான் என்று நினைத்து ஓவனில் சுட்டோம். அப்பா ஒன்றைக் கடித்தார். ஒரே கசப்பு. பாதியை விழுங்கிவிட்டார். அன்று இரவு வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் சரியாகிவிட்டது. அது விஷமா? சுட்டபிறகும் விஷம் போகாதா? நல்ல செஸ்ட்நட்டை எப்படி அடையாளம் காண்பது? சர்க்கரை நோயாளி அதைச் சாப்பிடலாமா? இன்னொன்று, நான் நர்ஸ். எனக்கு ரப்பர் கையுறை அலர்ஜி உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில்: அப்பா தேறிவிட்டார் என்பதில் மகிழ்ச்சி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் கடித்தது அநேகமாக ஹார்ஸ் செஸ்ட்நட். உங்கள் பையனைக் கேட்டால் ‘கான்கர்’ என்பான். பள்ளிப் பிள்ளைகள் அதில் துளை போட்டு, நூல் கோத்து, ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடுவார்கள். விளையாட மட்டும்தான் அது, சாப்பிட அல்ல. சாப்பிடுகிற ஸ்வீட் செஸ்ட்நட்டுக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள்.

கான்கரில் எஸ்குலின் என்ற பொருளும், சபோனின் வகை நச்சுகளும் இருக்கின்றன. வயிற்றையும் குடலையும் உறுத்தி வாந்தி, வயிற்றுவலி, பேதியை உண்டாக்குபவை இவைதான். பாதிக் கொட்டையோடு நின்றால் பெரும்பாலும் இதற்கு மேல் போகாது. அதிகமாகச் சாப்பிட்டால் தசை துடிப்பது, உடல் தளர்வது, தூக்கக் கலக்கம், கண்மணி விரிவது என்று நரம்பு மண்டலம் வரை போகலாம். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. அறிகுறிகளைப் பார்த்துத்தான் சிகிச்சை செய்வோம்.

சுட்டால் போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். மரவள்ளியில் இருக்கும் சயனைடு விஷயத்தில் அந்த முறை பலன் தருகிறது. கான்கருக்கு அது பொருந்தாது. சுட்டாலும் வேகவைத்தாலும் நச்சு உள்ளேயேதான் இருக்கும். அப்பாவைக் காப்பாற்றியது அந்தக் கசப்புதான். ஸ்வீட் செஸ்ட்நட் சுட்டபின் மாவாக, இனிப்பாக இருக்கும். பச்சையாகக் கடித்தால் தோலின் துவர்ப்பு தெரியலாம், ஆனால் நாக்கைச் சுருக்குகிற கசப்பு இருக்காது. கசந்தால் உடனே துப்புங்கள். வாயில் போட்டதை விழுங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அடையாளம் காண்பதற்கு வருகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: மேலோட்டை விட்டு வெளியே வந்த கொட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். இரண்டும் பழுப்பு, இரண்டும் பளபளப்பு. தவறு நடப்பது அங்கேதான். மரத்தையும், இலையையும், கீழே கிடக்கும் மேலோட்டையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பமே வராது.

மேலோட்டிலிருந்து தொடங்குங்கள். ஸ்வீட் செஸ்ட்நட்டின் மேலோட்டில் முட்கள் மெல்லிய ஊசிகளாக, இடைவெளியே தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கும். வெறுங்கையால் தொட முடியாது. தெரிந்தவர்கள் அதைக் காலணியால் மிதித்துப் பிளந்துதான் கொட்டையை எடுப்பார்கள். கான்கரின் மேலோடு பச்சையாக, தடித்ததாக இருக்கும். முட்கள் குட்டையாக அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். கையில் எடுத்தால் பெரிதாகக் குத்தாது.

பிளந்து உள்ளே பாருங்கள். ஸ்வீட் செஸ்ட்நட்டில் வழக்கமாக இரண்டு மூன்று கொட்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாவது தட்டையாக இருக்கும். நுனி கூர்மையாக முடிந்து, அந்த முனையில் காய்ந்த சிறு குஞ்சம் ஒன்று ஒட்டியிருக்கும். பூவின் சூல்தண்டு வாடி மிஞ்சியது அது. கான்கரில் பெரும்பாலும் ஒரே கொட்டைதான். உருண்டையாக, பெரிதாக, ஒரு பக்கத்தில் வெளிறிய வட்டத் தழும்போடு இருக்கும். கூர்முனையும் இருக்காது, குஞ்சமும் இருக்காது. உங்கள் வீட்டுப் பையில் மிச்சம் இருந்தால் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். நுனியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் கான்கர்தான். மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இலை இன்னும் தெளிவான சாட்சி. ஊரில் இலவ மரத்து இலையைப் பார்த்திருப்பீர்கள். கான்கர் இலையும் அந்த மாதிரிதான், ஒரு காம்பின் நுனியிலிருந்து ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரல்களாக விரியும். ஸ்வீட் செஸ்ட்நட்டுக்குத் தனித்தனி இலைகள். ஒரு சாண் நீளம் வரை வளரும், ஓரம் முழுக்கக் கூரான பற்கள் இருக்கும். இங்கிலாந்தில் இன்னொரு தடயமும் கிடைக்கிறது. கான்கர் மரத்தின் இலைக்குள் சுரங்கம் போட்டுத் தின்னும் ஒரு சிறு அந்துப்பூச்சி 2002-இல் லண்டன் விம்பிள்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பிறகு நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. அதனால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கான்கர் இலைகள் துருப்பிடித்த நிறத்தில் கருகித் தொங்குவதைப் பார்க்கலாம். வயதான ஸ்வீட் செஸ்ட்நட் மரத்தின் பட்டையில் வெடிப்புகள் அடிமரத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறும். க்ரீனிச் பூங்காவில் 1660-களில் நட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. பையனைக் கூட்டிப்போய்ப் பட்டையையும் இலையையும் காட்டுங்கள். ஆனால் அங்கே பொறுக்காதீர்கள். க்ரீனிச், ரிச்மண்ட், புஷி போன்ற அரச பூங்காக்களில் காய், கொட்டை, காளான் எதையும் எடுக்க அனுமதி இல்லை. மற்ற இடங்களில் தானாக வளர்ந்த மரத்தின் கனியை வீட்டுக்காக எடுப்பதை 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் திருட்டாகக் கருதுவதில்லை. இருந்தாலும் அந்தந்த இடத்துக்குத் தனி விதி இருக்கலாம். நுழைவாயில் பலகையைப் படியுங்கள். அக்டோபர்தான் நல்ல பருவம்.

இனி அப்பாவின் மாத்திரை. இதைச் சர்க்கரை நோயாளி உள்ள எல்லா வீடுகளும் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு வாந்தி பேதியால் உடலில் நீர் வற்றினால், சிறுநீரகத்தின் வேலை குறைந்து மருந்து உள்ளே தேங்கும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிற ஆபத்து அப்போது வருகிறது. நீர் வற்றிய நிலையில் ராமிப்ரிலும் சிறுநீரகத்துக்குச் சுமைதான். ஆகவே வாந்தியோ பேதியோ நிற்காமல் போனால், இந்த மாத்திரைகளை நிறுத்திவைக்கலாமா என்று அன்றே டாக்டரிடமோ ஃபார்மஸியிலோ கேளுங்கள். நிறுத்தச் சொன்னால், சாதாரணமாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆனதும் திரும்பத் தொடங்குவது வழக்கம். இன்சுலினுக்கு இது பொருந்தாது. அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. இப்போது அவர் நன்றாகச் சாப்பிட்டு, சிறுநீரும் வழக்கம்போலப் போகிறது என்றால் கவலை வேண்டாம்.

இனி யாராவது இப்படி விழுங்கிவிட்டால், வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லி, வாய் கொப்பளிக்க வைத்து, மருத்துவ ஆலோசனை எண்ணான 111-க்குப் போன் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம் வீடுகளில் இன்னும் நடக்கிற பழக்கம் இது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் விஷத்தைவிட அதுவே பெரிய ஆபத்து. கொட்டையும் இலையும் மிச்சம் இருந்தால் எடுத்துவையுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் என்றால் நேராக அவசர உதவி எண் 999. விசிட்டிங் விசாவில் வந்திருப்பவர்களுக்குப் பணம் கேட்பார்களோ என்று பயந்து தாமதிக்கும் குடும்பங்கள் உண்டு. அவசரப் பிரிவில் தரும் சிகிச்சைக்கு யாரிடமும் கட்டணம் இல்லை. வார்டில் சேர்த்தால் செலவு வரலாம். பெற்றோரை வரவழைக்கும்போது பயணக் காப்பீடு எடுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

சர்க்கரை நோயாளி நல்ல செஸ்ட்நட்டைச் சாப்பிடலாம், ஆனால் பாதாம், வேர்க்கடலை கணக்கில் அல்ல. பாதாமில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. செஸ்ட்நட்டில் கொழுப்பு மிகக் குறைவு, அது மாவுச்சத்துக் கொட்டை. சுட்ட செஸ்ட்நட் 100 கிராமில் சுமார் 53 கிராம் மாவுச்சத்து. தோலுரித்த ஐந்து கொட்டையில் 20 கிராமுக்கு மேல் வரும், ஏறத்தாழ இரண்டு இட்லியில் இருக்கும் அளவு. ஆகவே டிவி பார்த்துக்கொண்டே கொறிக்கிற பண்டமாக வைக்காமல், நாலைந்தைச் சாப்பாட்டோடு சேர்த்து, அந்த அளவுக்குச் சோற்றையோ சப்பாத்தியையோ குறையுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். செஸ்ட்நட்டில் பொட்டாசியம் அதிகம்.

நீங்கள் சம்பந்தம் இருக்காது என்று எழுதியிருக்கும் கையுறை அலர்ஜிக்குச் சம்பந்தம் இருக்கிறது, அதுவும் நேரடியாகவே. ரப்பர் பாலில் உள்ள ஒரு புரதத்தின் சாயலில் செஸ்ட்நட், வாழைப்பழம், அவகாடோ, கிவி ஆகியவற்றிலும் புரதங்கள் உண்டு. லேடெக்ஸ் எனப்படும் இந்த ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இவற்றைச் சாப்பிட்டதும் வாய் அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம் வரும். அரிதாக உயிருக்கே ஆபத்தான அனஃபிலாக்சிஸ் வரை போகலாம். கையுறை போட்ட சில நிமிடங்களில் தடிப்பும் தும்மலும் வருகிறதா, அல்லது ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் வறண்டு உரிகிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். முதல் வகைக்குத்தான் இந்த எச்சரிக்கை. பரிசோதனை செய்து தெளிவாகும்வரை செஸ்ட்நட் உங்களுக்கு வேண்டாம். உங்கள் குடும்ப டாக்டரான ஜிபியிடம் அலர்ஜி கிளினிக்குக்குப் பரிந்துரை கேளுங்கள், பணியிடத்தின் ஊழியர் நலப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். இங்கே உணவுப் பொட்டலங்களில் தடித்த எழுத்தில் போட வேண்டிய கொட்டைகளின் பட்டியலில் செஸ்ட்நட் இல்லை. கேக், ஸ்டஃபிங், சூப் வாங்கும்போது பொருட்களை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் வெயினுக்கு ஹார்ஸ் செஸ்ட்நட் மாத்திரை விற்கிறார்களே, அப்படியானால் கான்கர் நல்லதுதானே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அந்த மாத்திரை, எஸ்குலினை நீக்கி அளவு குறித்துத் தயாரித்த சாறு. பச்சைக் கொட்டைக்கு அது சான்றாகாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அந்த மாத்திரையையும் கேட்காமல் போடக்கூடாது.

நல்ல கொட்டை கிடைத்தால் சமைப்பது சுலபம். துளை விழுந்தது, பூசணம் பிடித்தது, அமுக்கினால் குழிவது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். ஓட்டில் கத்தியால் பெருக்கல் குறியாகக் கீறி, 200 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள். கீறாமல் வைத்தால் நீராவி சேர்ந்து வெடித்துவிடும். சூடு ஆறுவதற்குள் ஓட்டையும் உள்தோலையும் சேர்த்து உரித்துவிட வேண்டும், ஆறினால் உள்தோல் பிடித்துக்கொள்ளும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முழுக் கொட்டையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

மான்கள் உலவும் காட்டுப் பக்கம் போனால் உண்ணியையும் நினைவில் வையுங்கள். முழுக்கால் பேன்ட், காலுறை போட்டுப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் பையனின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்பு வைப்பது வேண்டாம். கடித்த இடத்தில் மூன்று மாதத்துக்குள் சிவப்பு வட்டம் தோன்றிப் பெரிதாகிக்கொண்டே போனால் அது உண்ணிக் கடியால் வரும் லைம் நோயாக இருக்கலாம். அதைப் போட்டோ எடுத்து, தாமதிக்காமல் ஜிபியிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.