கோவையில் ஒரு நாள், தனியாக: ஈஷாவை விட்டுவிடுங்கள்

சென்னையிலிருந்து காலை ரயிலில் இறங்கி இரவு ரயிலில் திரும்புவதற்குள் மியூசியங்கள், பேரூர், மருதமலை, ஈஷா யோகா மையம் எல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீங்க. முடியாதுங்க. ஈஷா ஊருக்கு வெளியே 30 கிலோமீட்டர். அதற்கும் மருதமலைக்கும் இன்னொரு நாள் வாங்க.

பையைப் பூட்டி, ஜங்ஷன் கிளோக் ரூமில் போடுங்க. விடிந்ததும் பேரூர் பட்டீஸ்வரர் கோயிலுக்குப் போனால் கனகசபை மண்டபத்தின் தூண் சிற்பங்களைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். அப்புறம் வேளாண் பல்கலைக்கழகப் பூச்சி அருங்காட்சியகம், 2018இல் திறந்தது, உயிருள்ள பூச்சிகளும் உண்டு. அங்கிருந்து பக்கம்தான் கௌலி பிரவுன் ரோட்டில் காஸ் வன அருங்காட்சியகம். என் ஓட்டு இதற்குத்தான். 1902இல் தொடங்கியது, மரத்துண்டுகளையும் பாடம் செய்த விலங்குகளையும் பழைய கண்ணாடி அலமாரிகளையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும், தனியாக வருவது இதற்கு வசதி. அரசு வளாகம், அதனால் வார நாளில் வாங்க.

மதியம் ஆர்.எஸ்.புரம் அன்னபூர்ணாவில் சாப்பாடு. சாம்பார் வடையை விட்டுவிடாதீங்க.

வெயிலில் அவிநாசி ரோட்டுக்கு ஆட்டோ பிடிங்க, ஏறும் முன்பே ரேட் பேசிவிடுங்க. ஜி.டி கார் மியூசியம் முழுக்கக் கூரைக்குள்தான். ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சி-பழனி பஸ் ஓட்டித் தொழில் ஆரம்பித்தவர். அவருடைய கண்டுபிடிப்புகளும் அதே வளாகத்தில் இருக்கின்றன. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.