தாத்தா நடத்திய வாரப் பத்திரிகை: பெயர் யாருக்கு, பழைய இதழ்கள் யாருக்கு?

கேள்வி: என் தாத்தா 1958-ல் எங்கள் ஊரில் சொந்த அச்சகம் வைத்து ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். 1994-ல் அது நின்றது. 2001-ல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். பைண்ட் செய்த தொகுதிகள் பெரியப்பா மகன் வீட்டில் உள்ளன. எடைக்குப் போடப் போவதாகச் சொல்கிறார். ஊரில் இன்னொருவர் அதே பெயரில் பத்திரிகை தொடங்கி, 'ஆண்டு 67' என்று முகப்பில் போட்டுக்கொள்கிறார். பெயரை மீட்க முடியுமா? பழைய இதழ்களை வைத்துப் பத்திரிகையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதவும், இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றவும் விரும்புகிறேன்.

பதில்: நீங்கள் பெயரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை அந்தத் தொகுதிகளைப் பற்றி. பெயர் போனால் வேறு பெயர் கிடைக்கும். 36 ஆண்டு ஊர்ச் செய்தி பழைய பேப்பர் கடைக்குப் போனால் எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியாது.

உயில் இல்லாததால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாத்தாவின் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. உங்கள் அத்தைமாருக்கும் இதில் உரிமை உண்டு, அவர்களை மறந்துவிடாதீர்கள். யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதால் மட்டும் அது அவருடையது ஆகிவிடாது. பெரியப்பா மகனிடம் முதலில் நேரில் பேசுங்கள்: "இடம் அடைக்கிறது என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றால் பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஒத்துவரவில்லையா, உடனே வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியவில்லை என்றால், விற்கக் கூடாது என்று சிவில் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள். தொகுதிகள் கைக்கு வந்ததும் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எழுத்துக்களின் பதிப்புரிமையையும் சேர்த்து எழுத வேண்டும். காகிதம் ஒரு சொத்து, அதில் உள்ள எழுத்து வேறொரு சொத்து.

சரி, பெயர். இங்கே உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல அதிகம் இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி, ஒரு பத்திரிகை 12 மாதத்துக்கு மேல் வராமல் நின்றுவிட்டால் அதன் டிக்ளரேஷன், அதாவது பத்திரிகை நடத்த மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த உறுதிமொழி, காலாவதி ஆகிவிடும். அதாவது 1990-களிலேயே அது முடிந்துபோன விஷயம். 2024 மார்ச் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. வேறொருவர் வைத்திருக்கும் தலைப்பை அதே மொழியில் நாட்டில் எங்கும், அதே மாநிலத்தில் எந்த மொழியிலும், இன்னொருவருக்குத் தர மாட்டார்கள். எனவே அந்த நபர் பதிவு செய்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பதிவே இல்லாமல் நடத்துகிறார் என்றால் பத்திரிகைப் பதிவாளரிடம் புகார் கொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி உண்டு. பதிவு செய்திருந்தால் தலைப்பு அவருடையதுதான்.

ஆனால் 'ஆண்டு 67' என்பது வேறு சங்கதி. உங்கள் தாத்தாவின் உழைப்பைத் தன் பத்திரிகையின் வயதாக அவர் காட்டுகிறார். அதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்புங்கள், தாராளமாக. 30 ஆண்டு ஓய்ந்துபோன பெயரின் நற்பெயரை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம் என்பதால், வழக்கு வரை போகப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் புத்தகம் வெளிவந்தால் அதுவே அவருக்குச் சரியான மறுப்பாக இருக்கும்.

புத்தகத்துக்கு வருவோம். பத்திரிகை முதலாளியின் வாரிசு என்பதால் அதில் வந்த எல்லா எழுத்தும் உங்களுடையது என்று நினைக்க வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை பார்த்த நிருபர் எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே முதலாளிக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், புத்தகமாக்கும் உரிமை எழுதியவருக்கே. பெயர் போட்டு எழுதியவர்களின் எழுத்துக்கு அவர்கள் இறந்து 60 ஆண்டு வரை பாதுகாப்பு உண்டு. தாத்தா எழுதியவற்றுக்கு 2061 முடியும் வரை. பெயரில்லாமல் வந்த செய்திகளுக்கு, எழுதியவர் யார் என்று இடையில் வெளிப்படாத வரை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1958-ல் வந்த அப்படிப்பட்ட செய்திகள் 2018-உடன் பதிப்புரிமை முடிந்து, யாரும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிட்டன. வரலாறு எழுதும்போது பொருத்தமான அளவு மேற்கோள் காட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதில் கைமாற்றுப் பத்திரம், அதாவது பதிப்புரிமையை ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம், எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஈரோட்டிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. 1925 மே 2-ல் பெரியார் அங்கே தொடங்கிய 'குடி அரசு' வார இதழின் எழுத்துக்களை ஓர் அமைப்பு தொகுத்து வெளியிட முனைந்தபோது, உரிமை தங்களுடையது என்று இன்னோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2009-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. எழுத்து மூலம் உரிமை கைமாறியதைக் காட்ட முடியாதது வழக்குப் போட்டவர்களுக்குப் பெரிய பலவீனமாக இருந்தது. அவ்வளவு பெயர்பெற்ற இதழுக்கே இந்த நிலை என்றால், உங்கள் குடும்ப ஒப்பந்தத்தை ஏன் வற்புறுத்துகிறேன் என்பது புரியும்.

இணையத்தில் ஏற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பாருங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது 1983-க்குப் பிறகுதான் குற்றமானது. அதற்கு முந்தைய செய்திகளில் முழுப் பெயரும் ஊரும் இருக்க வாய்ப்பு அதிகம். அன்று அச்சிட்டது தவறில்லை. இன்று நீங்கள் ஏற்றினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தப் பெண்ணோ அவர் பிள்ளைகளோ இன்றும் அதே தெருவில் இருக்கலாம். அந்தப் பெயர்களை மறைத்துவிட்டு ஏற்றுங்கள். "இன்னார் கைது" என்ற செய்திகளிலும் கவனம் வேண்டும். பிறகு விடுதலையானவர் அவதூறு என்று வந்தால், அது பழைய செய்தி என்ற பதில் மட்டும் போதாமல் போகலாம்.

விடுபட்ட இதழ்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகத்தில் விசாரியுங்கள். 1956 முதல் பத்திரிகைகளும் அங்கே பிரதி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் தேடிப் பார்க்கலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். தொகுதிகளை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால், வாரிசுகள் அனைவரின் கையெழுத்தோடு அங்கேயே ஒப்படைப்பதைப் பற்றியும் பேசிப் பாருங்கள்.